செவேரஸ் குடும்பத்து டெனாரியஸ்: கையில் இருப்பது யாருடைய காசு? முழுமையான வழிகாட்டி

டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு ஒன்று கைக்கு வந்ததும் புதியவர்கள் செய்வது இதுதான்: முகத்தைப் பார்ப்பார்கள், போனில் படம் எடுத்துத் தேடுவார்கள், அதே ஜாடையில் ஒரு முகம் கிடைத்ததும் அந்தப் பெயரை உறைமேல் எழுதிவிடுவார்கள். ரோமை ஆண்ட செவேரஸ் குடும்பத்துக் காசுகளில் இந்த வழி அடிக்கடி காலை வாரிவிடும். தந்தை (செப்டிமியஸ் செவேரஸ்), தாய் (டோம்னா), இரண்டு மகன்கள் (கரகல்லா, கேட்டா), மருமகள் (பிளாவ்டில்லா), தாயின் சகோதரி (மேசா), அவருடைய இரண்டு மகள்கள் (சோயேமியாஸ், மாமியா), இரண்டு பேரன்கள் (எலகாபலஸ், செவேரஸ் அலெக்சாண்டர்) என்று குடும்பமே காசில் இருக்கிறது. அவர்களில் இரண்டு பேரரசர்கள் காசில் அந்தோனினுஸ் என்ற ஒரே பெயரோடு நிற்கிறார்கள். நான்கு பெண்களுக்கு ஜூலியா என்று பெயர்.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் எடை, அப்புறம் முன்பக்க எழுத்து, அப்புறம் பின்பக்கம், முகம் கடைசியில். கி.பி. 193 முதல் 235 வரை வெளியான டெனாரியஸ் காசுகளுக்கு இந்த வரிசை பொருந்தும்.

நாணயத்தில் இருப்பவை லத்தீன் பெரிய எழுத்துகள். இங்கே முழுச் சொற்களை ஒலிப்படியும், சுருக்கங்களை எழுத்துகளின் பெயராலும் எழுதுகிறேன். ஏ-வி-ஜி என்றால் அந்த மூன்று எழுத்துகள் (அகஸ்டஸ் பட்டத்தின் சுருக்கம்) என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறிய நகைத் தராசு, விட்டம் அளக்க ஒரு வெர்னியர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு, கீழே விரிக்கத் தடித்த துணி, பென்சில், நோட்டு. இவ்வளவு போதும்.

துணியை மறந்துவிடாதீர்கள். பதினெட்டு நூற்றாண்டு பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கலாம். வெளியே திடமாகத் தெரியும் காசு மொசைக் தரையில் விழுந்து இரண்டாக உடைந்ததை நானே பார்த்திருக்கிறேன். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள், துணிக்கு மேலேயே வைத்துப் பாருங்கள்.

1. கழுவாமல் தொடங்குங்கள்

எழுத்து தெரியவில்லை என்றதும் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்குச் சரியான வேலை இந்தக் காசுக்குக் கேடு. செப்டிமியஸ் செவேரஸ் 194 வாக்கில் வெள்ளியின் அளவைக் குறைத்தபின் டெனாரியஸில் ஏறக்குறைய பாதி செம்பு. நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்ததில் மேற்பரப்புச் செம்பு கரைந்து, வெள்ளி மிகுந்த மெல்லிய தோல் ஒன்றுதான் மேலே மிஞ்சியிருக்கும். அமிலம் அந்தத் தோலுக்குள் இறங்கி அடியில் உள்ள செம்பைத் தின்னும். பாலிஷ் பசை தோலையே சுரண்டும். இரண்டிலும் எழுத்தின் ஓரம் மழுங்கும், நீங்கள் படிக்க வேண்டியதே அந்த ஓரத்தைத்தான்.

தெரிந்தவர் ஒருவர் கேட்டாவின் காசைப் புளித்தண்ணீரில் ஒரு இரவு ஊறப்போட்டார். காலையில் அது பளபளவென்று இருந்தது. பெயரில் கடைசி மூன்று எழுத்துகளைக் காணவில்லை.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் சில மணி நேரம் வைத்து, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

2. எடையும் விட்டமும்

முகத்துக்கு முன்னால் எடை பார்ப்பதற்குக் காரணம், கையில் இருப்பது டெனாரியஸ்தானா என்பதே இன்னும் தெரியாது. இந்தக் காலத்து டெனாரியஸ் பெரும்பாலும் 2.8 முதல் 3.6 கிராம் வரை இருக்கும், விட்டம் 17 முதல் 20 மில்லிமீட்டர். 5 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் அது கரகல்லா 215-ல் கொண்டுவந்த பெரிய காசு, அந்தோனினியானஸ். அதில் அரசர் தலையில் கதிர் முடி, அதாவது சூரியக் கதிர்போல முனைகள் நீண்ட கிரீடம், இருக்கும், அரசியின் தோளுக்குக் கீழே பிறை இருக்கும். எடை 2.3 கிராமுக்கும் கீழே போனால் உடைசலா, கடும் தேய்மானமா, செம்புமேல் வெள்ளி பூசிய காசா என்று ஒரு கேள்விக்குறியை நோட்டில் போட்டுவிட்டு மேலே போங்கள்.

எடையை வைத்து மட்டும் எதையும் போலி என்று முடிவுகட்ட வேண்டாம். காசு அடிக்கும் ரோமானிய அக்கசாலையில் ஒவ்வொரு காசையும் தனித்தனியாக எடை சரிபார்க்கவில்லை. ஒரு பவுண்டு வெள்ளிக்கு இத்தனை காசு என்று வெட்டினார்கள், அதனால் ஒன்றுக்கொன்று ஏற்ற இறக்கம் இருக்கும்.

3. தலையில் என்ன இருக்கிறது?

மூக்கு, தாடி எல்லாம் அப்புறம். தலையில் இலை மாலையா, வெறுந்தலையா, பின்னிய கூந்தலா என்பதை மட்டும் இப்போது பாருங்கள்.

இலை மாலை என்றால் அகஸ்டஸ் பட்டம் பெற்ற ஆள், அதாவது பேரரசர். வெறுந்தலையோடு தோளில் மேலாடை போட்ட பையன் என்றால் சீசர், அதாவது இளவரசர். கூந்தல் என்றால் அரச குடும்பத்துப் பெண். தேய்ந்த காசிலும் இவ்வளவு தெரியும். இந்த ஒரு பார்வையிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

கரகல்லாவும் கேட்டாவும் சின்ன வயதில் அச்சில் வார்த்ததுபோல இருப்பார்கள். ஆனால் கரகல்லா 198-லேயே, ஒன்பது பத்து வயதில், அகஸ்டஸ் ஆகிவிட்டார். கேட்டாவுக்கு அந்தப் பட்டம் 209-ல்தான் கிடைத்தது. ஆக 200 வாக்கில் வந்த காசில் பையன் முகத்தில் இலை மாலை இருந்தால் அது அண்ணன், வெறுந்தலை என்றால் தம்பி.

4. முன்பக்க எழுத்தைக் கடிகாரமாக வரையுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். எழுத்து வளையம் பெரும்பாலும் கீழே இடப்பக்கம், கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலஞ்சுழியாக ஓடி, ஐந்து மணிப் பக்கம் முடியும். சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, அல்லது தலை குறுக்கே வந்து தப்பான இடத்தில் பிரித்திருக்கும். யு என்ற எழுத்தே கிடையாது, அதன் இடத்தில் வி இருக்கும். ஜே-க்குப் பதில் ஐ. ஜூலியாவை ஐ-வி-எல்-ஐ-ஏ என்று பார்க்கும்போது பலர் அதைப் பெயர் என்றே நினைப்பதில்லை.

நோட்டில் ஒரு வட்டம் போடுங்கள். விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள். காசைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே, தெளிவாகத் தெரியும் எழுத்துகளை மட்டும் அந்தந்த மணியில் எழுதுங்கள். தெரியாத எழுத்துக்கு ஒரு புள்ளி. ஊகித்து நிரப்பவே வேண்டாம். ஒருமுறை ஊகித்து எழுதிவிட்டால் அடுத்த தடவை பார்க்கும்போது கண்ணுக்கு அந்த எழுத்துதான் தெரியும்.

இப்படி இடம் குறிப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. அழிந்துபோன இடத்தில் எத்தனை எழுத்து இருந்திருக்கும் என்று அளந்துவிடலாம். அடுத்த படியில் அதுதான் கைகொடுக்கப் போகிறது.

அடிக்கடி வரும் தொடர்கள்:

- 'செவேருஸ் பியுஸ் ஏ-வி-ஜி': தந்தை செப்டிமியஸ் செவேரஸ், 202-க்குப் பின். அதற்கு முந்தைய காசுகளில் 'எல் செப்ட் செவ்' என்று தொடங்கும் நீண்ட பெயர்.
- 'எம் ஆவ்ர் அந்தோனினுஸ் கேஸ்': கரகல்லா, இளவரசராக, 196 முதல் 198 வரை. 'அந்தோனினுஸ் அவ்குஸ்துஸ்' என்றால் 199-200. 'அந்தோனினுஸ் பியுஸ் ஏ-வி-ஜி' என்றால் 201-210. அதன் பின்னால் 'பிரிட்' சேர்ந்தால் 210-213, 'ஜெர்ம்' சேர்ந்தால் 213-217.
- 'எல் செப்டிமியுஸ் கேட்டா கேஸ்' என்றும் 'பி செப்டிமியுஸ் கேட்டா கேஸ்' என்றும் இரண்டு விதம் வரும், இரண்டும் ஒரே கேட்டாதான். முதலில் லூசியஸ் என்று இருந்த முன்பெயர் பிறகு பூப்லியஸ் ஆனது. முதல் எழுத்தே காசின் காலத்தைச் சொல்லிவிடும்.
- 'பிளாவ்டில்லா': கரகல்லாவின் மனைவி. 202-ல் திருமணம், 205-ல் நாடுகடத்தல், அதற்குள் அடித்த காசுகள் இவை. பின்பக்கத்தில் கணவனும் மனைவியும் கைபிடித்து நிற்க, சுற்றிலும் 'என்றும் நிலைக்கும் இணக்கம்' என்று பொருள்படும் வாசகம் இருப்பதும் உண்டு.

5. இரண்டு அந்தோனினுஸ்: அதிகம் தவறும் இடம்

கரகல்லாவும், 218 முதல் 222 வரை ஆண்ட எலகாபலஸும் காசில் ஒரே பெயரில் வருவார்கள். நானும் தொடக்கத்தில் ஒரு எலகாபலஸ் காசைக் கரகல்லா என்று எழுதி இரண்டு வருஷம் வைத்திருந்தேன். அந்தக் காசையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

எடை 2.94 கிராம், இலை மாலை அணிந்த இளைஞன். எழுத்து வளையத்தில் பத்தரை மணி வரை தேய்மானம். அதற்குப் பின் '…னினுஸ் பியுஸ் ஏ-வி-ஜி' என்று தெளிவாக இருந்தது. கரகல்லாவின் பெயர்தானே என்று அப்போதே நிறுத்திவிட்டேன்.

கடிகாரம் வரைந்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். எழுத்துகளின் இடைவெளியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால், 'அந்தோ' என்ற நான்கு லத்தீன் எழுத்துகளுக்கு முன்னால் இன்னும் மூன்று எழுத்துகளுக்கு இடம் மீதி இருந்தது. அந்த மூன்றும் ஐ-எம்-பி, அதாவது இம்பெராடோர் என்ற பேரரசர் பட்டம். 'அந்தோனினுஸ் பியுஸ்' என்பதற்கு முன்னால் ஐ-எம்-பி வந்தால் அது எலகாபலஸ். (198-ல் வந்த கரகல்லா காசும் ஐ-எம்-பி என்றுதான் தொடங்கும். ஆனால் அதில் பியுஸ் இருக்காது, முகமும் சின்னப் பையனுடையது.)

பின்பக்கம் இதை உறுதிப்படுத்தியது. கதிர் முடியோடு கையை உயர்த்தி நிற்கும் சூரியக் கடவுள், வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரம். எலகாபலஸின் காசுகளில் இந்த நட்சத்திரம் அடிக்கடி வரும். வாசகம் 'பி-எம், டி-ஆர்-பி மூன்று, சி-ஓ-எஸ் மூன்று, பி-பி'. பி-எம் (தலைமைப் பூசாரி), பி-பி (நாட்டின் தந்தை) இரண்டும் பட்டங்கள், மற்ற இரண்டும் அடுத்த படியில்.

6. பின்பக்க எண்ணை ஆண்டாக மாற்றுங்கள்

டி-ஆர்-பி என்பது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் அதிகாரம். சி-ஓ-எஸ், கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி எத்தனையாவது முறை என்பதைச் சொல்லும். கணக்கு எளிது: அதிகாரம் தொடங்கிய ஆண்டோடு காசில் உள்ள எண்ணைக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். தொடங்கிய ஆண்டுகள்: செப்டிமியஸ் 193, கரகல்லா 198, கேட்டா 209, எலகாபலஸ் 218, செவேரஸ் அலெக்சாண்டர் 222.

செப்டிமியஸின் காசில் ஒரு எக்ஸ், ஒரு வி இருந்தால் 15. 193-ஐயும் 15-ஐயும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 207.

இப்போது என் காசுக்கு வருவோம். டி-ஆர்-பி 3 என்றால் எலகாபலஸுக்கு 220, அவர் மூன்றாம் முறை கான்சல் ஆனதும் 220-ல். இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. கரகல்லாவாக இருந்தால் மூன்றாம் அதிகாரம் 200-ல், ஆனால் மூன்றாம் கான்சல் பதவி 208-ல். இரண்டும் ஒரே காசில் வரவே வராது. ஒரு எண்ணைப் படித்ததும் திருப்தி அடையாமல் இரண்டையும் ஒத்துப்பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பொதுவான தவறு இன்னொன்று. தேய்ந்த காசில் மூன்று கோட்டுக்கும் நான்கு கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது, அவர்கள் நான்கை நான்கு கோடாகவே எழுதுவார்கள். சந்தேகம் இருந்தால் நோட்டில் 'மூன்று அல்லது நான்கு' என்றே எழுதுங்கள்.

பெண்களின் காசில் இந்த எண்கள் இருக்காது, அந்தப் பதவிகள் அவர்களுக்குக் கிடையாது. ஜூலியா டோம்னாவின் முகத்துக்குப் பின்னால் டி-ஆர்-பி எண் வந்தால் உற்சாகப்படும் முன் விளிம்பைப் பாருங்கள். ஒருவர் தலையும் வேறொருவர் பின்பக்கமும் சேர்ந்த காசுகள் பல, செம்புமேல் வெள்ளி பூசிய பழங்காலக் கள்ளக்காசுகள்தான்.

7. நான்கு ஜூலியாக்களைப் பிரிப்பது

'ஐ-வி-எல்-ஐ-ஏ'வுக்கு அடுத்த எழுத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

டி என்றால் டோம்னா, 193 முதல் 196 வரை. நேராக 'அவ்குஸ்தா' என்று போனாலும் டோம்னாதான், 196 முதல் 211 வரை. 'பியா பெலிக்ஸ்' என்றாலும் அவரே, மகன் கரகல்லா தனியாக ஆண்ட 211 முதல் 217 வரை. ஒரே பெண்ணின் மூன்று காலங்கள் இப்படி எழுத்திலேயே பிரிந்து கிடக்கின்றன. ஆண்டு எண் இல்லாத காசுக்கு இதைவிட நல்ல துப்பு வேறு இல்லை.

எஸ் என்றால் சோயேமியாஸ், எலகாபலஸின் தாய். எம் என்றால் இரண்டு வாய்ப்பு: பாட்டி மேசா, அல்லது அலெக்சாண்டரின் தாய் மாமியா. இரண்டிலும் முதல் இரண்டு எழுத்து எம்-ஏ. மூன்றாம் எழுத்தைப் பாருங்கள். மேசாவுக்கு இ, மாமியாவுக்கு மறுபடியும் எம். தேய்ந்த எம் கால்கள் விரிந்து அகலமாகத் தெரியும், இ ஒடுக்கமாக நிமிர்ந்து நிற்கும். அந்த ஒரு இடத்தில் லென்ஸை வைத்து, காசைச் சுழற்றி, நாலு கோணத்திலாவது பாருங்கள். பின்பக்கத்தில் 'வெஸ்டா' இருந்தால் மாமியா பக்கமும், 'புதிகிதியா' என்று இருந்தால் மேசா பக்கமும் சாய்வது நியாயம். ஆனால் எழுத்தைப் பார்க்காமல் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

8. இப்போது முகம்

இவ்வளவுக்கும் பிறகு முகம் சாட்சிதான், நீதிபதி அல்ல. செப்டிமியஸின் தாடி கீழே கூர்கூராகப் பிரியும். டோம்னாவின் கூந்தல் அலையலையாக இறங்கிப் பின்னால் பெரிய கொண்டையில் முடிந்து, தலைக்கவசம் மாட்டியதுபோல இருக்கும். கரகல்லா வளர வளர நெற்றி சுருங்கி, புருவம் நெரிந்து, கடைசி ஆண்டுகளில் யாரையோ முறைப்பதுபோலத் தெரிவார். எலகாபலஸின் பிற்காலக் காசுகள் சிலவற்றில் நெற்றிக்கு மேல் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கீறல் என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுத்து ஒருவரையும் முகம் வேறொருவரையும் காட்டினால் எழுத்தை மறுபடி படியுங்கள். சிரியாப் பக்கம் 190-களில் இயங்கிய அக்கசாலைகளில் முகம் ரோமில் செதுக்கியதுபோல இருக்காது, அதற்காகக் காசைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

9. போலியா என்று பார்ப்பது

அடையாளம் கண்டபின்தான் இதைச் செய்ய வேண்டும். உண்மையான காசு எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல் போலியைக் கண்டுபிடிக்க முடியாது.

முதலில் விளிம்பு. அச்சில் அடித்த காசின் விளிம்பில் அடியின் வேகத்தில் பிளந்த சிறு வெடிப்புகள் இருக்கலாம், அது நல்ல அறிகுறி. விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக ஓடும் தழும்போ, அதை மறைத்த அரம் தேய்ப்போ இருந்தால் அச்சுக்குழியில் ஊற்றிய வார்ப்பு. அப்புறம் எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம். குண்டூசி முனை போன்ற குழிகள் பரவலாக இருந்தால், எழுத்தின் ஓரம் கரைந்த சோப்பு மாதிரி உருண்டிருந்தால், வார்ப்பு என்றே சந்தேகியுங்கள். பச்சை அல்லது சிவப்பாக உள்ளே செம்பு எட்டிப்பார்த்தால் பூச்சுக்காசு.

அடர்த்தி சோதனையும் செய்யலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுகும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். 3.20 கிராம் காசுக்கு 0.33 என்று காட்டினால் 9.7, பாதி வெள்ளி பாதி செம்புக்கு இது பொருந்தும். ஆனால் தராசு 0.01 முன்னே பின்னே காட்டினாலே விடை 9.4-க்கும் 10.0-க்கும் நடுவே ஆடும். ஆகவே வெள்ளீயக் கலவை, பித்தளை போன்றவற்றைப் பிடிக்க மட்டும் இது உதவும்.

ஒரே விற்பனையாளரிடம் இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், இரண்டையும் வாங்காதீர்கள். அச்சு ஒன்றாக இருக்கலாம், கீறல் ஒன்றாக இருக்காது.

10. பட்டியல் எண்ணைத் தேடிக் குறித்துவையுங்கள்

இப்போதுதான் இணையத்துக்குப் போக வேண்டும். அமெரிக்க நாணயவியல் கழகம் முன்னின்று நடத்தும் 'ஆக்ரே' என்ற இலவசத் தரவுத்தளத்தில் ஆள், உலோகம், வாசகம் என்று வடிகட்டலாம். வாசகத்தில் உறுதியாகத் தெரிந்த துண்டை மட்டும் கொடுங்கள். படம் ஒத்துப்போய் வாசகம் ஒரு எழுத்து மாறினாலும் அது நாணயப் பட்டியலில் வேறு எண்.

சீட்டில் ஆள், காலம், இரண்டு பக்க வாசகம், எடை, விட்டம், பட்டியல் எண், வாங்கிய இடம், தேதி எல்லாம் எழுதுங்கள். ரசீதைக் கூடவே வையுங்கள். மெத்தென்று வளையும் பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து காசில் ஒட்டும். காகித உறையோ பிவிசி கலக்காத உறையோ நல்லது.

தமிழ்நாட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. இங்கே புதையல்களில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை, செவேரஸுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முந்தியவை. 'கரூர் ஆற்றில் கிடைத்தது' என்ற கதையோடு செவேரஸ் டெனாரியஸ் ஒன்று வந்தால் ஆதாரம் கேளுங்கள். மண்ணில் நீங்களே கண்டெடுத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வெளிநாட்டு நண்பருக்குப் பரிசாகத் தபாலில் போடுவதும் இதில் அடங்கும்.